உறவுமுறை

காட்பாடியில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றால்
கண்டக்டர் முகத்தைப் பார்த்தே கிழிக்கிறார்
ஆஸ்பத்திரிக்கு ஒரு டிக்கெட்.
வாடிய முகத்தோடு வேலூர் வருகிறவனுக்கு
வேறு எந்த நிறுத்தம் இருக்கப் போகிறது.
தொரப்பாடி என்றேன்.
மிச்சச் சில்லறையை விரல் படாமல் கொடுத்தார்,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மனு எழுதும் மேசையில் பேனாவை நூலில் கட்டியிருக்கிறார்கள்.
சிறைவாசி பெயர்: அஞ்சலாட்சி.
பார்க்க வந்தவர்: தேசிங்கு, குடியாத்தம்.
உறவுமுறை என்ற கட்டத்தில்
தம்பி என்று எழுத வேண்டும்.
மூன்றே எழுத்து. நேரம் பிடித்தது.

காவல் நிலையத் தாளில் அவளுக்குப் பெயர் வேறு.
எதிரி எண் நான்கு.
தீபாவளிச் சீட்டு, மாதம் ஐநூறு,
முடிவில் பட்டாசு, மைதா, எண்ணெய், ஒரு வெள்ளிக் காசு.
கம்பெனிக்காரன் ஓடிவிட்டான்.
தெருத்தெருவாய் நோட்டோடு நடந்தவள் வீட்டிலேயே இருந்தாள்,
கத்த வந்தவர்களுக்கெல்லாம் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு.
புகாரில் கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பத்தொரு பேர்.
இருபத்து மூன்றாவது நான்.
குணசுந்தரிதான் பேனாவைக் கையில் திணித்தாள் என்று
எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.
பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வலை. கையெட்டாத இடைவெளி. அப்பால் இன்னொரு வலை.
இந்தப் பக்கம் பதினைந்து பேர், அந்தப் பக்கம் பதினைந்து பேர்.
வக்கீல் பீஸ், ஜாமீன், சின்னவனுக்குக் காய்ச்சல், ஆடு குட்டி போட்டது,
எல்லாம் ஒரே கத்தலாய் மேலேறித்
தகரத்தில் முட்டித் திரும்புகிறது.

'இன்னா தேசி, எளச்சிப் போயிக்கீறே?
நைனா மாத்திர துன்றாரா?'

தலையாட்டினேன்.
தலையாட்டலுக்குச் சத்தம் வேண்டாம்.

நான் கொண்டுபோனது கத்திச் சொல்கிற சேதி இல்லை.
செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்த யாமினி
என்னைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனதும்
குணசுந்தரி ஓடிப்போய்க் கதவைச் சாத்தியதும்.
பெற்றவள் காதோடு கேட்க வேண்டியது.
கத்தினேன்.
'இன்னா?' என்று காதில் கை வைத்தாள்.
'யாமினி பெரியவளாயிட்டா-க்கா!'
இந்த முறை பார்த்து
எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கியிருந்தார்கள்.
கூடம் முழுக்க என் குரல் ஒன்றுதான்.
பக்கத்தில் நின்ற லாரிக்காரர்
தன் பெண்சாதியோடு பேசுவதை விட்டுவிட்டு
'நல்ல சேதிம்மா' என்றார், என் அக்காவைப் பார்த்து.
வார்டரம்மா சுவர்க் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

அக்கா சிரித்தாள். பிறகு வலையில் நெற்றியை வைத்தாள்.
சதுரம் சதுரமாய்த் தெரிந்தாள்.

'மாமன் சீரு?'
'செய்யறேன்.'
'துட்டு ஏது? உன்னுதும் அதுலதானே போச்சி.'

பிறகு, காய்கறி விலை கேட்கிற மாதிரி,

'லிஸ்ட்டு பாத்தேன்.
கையெழுத்த இன்னும் கோணலாத்தான் போடறே.'

அவ்வளவுதான். திட்டவில்லை.
ஏழு மாதமாக ஒரு பதில் வைத்திருந்தேன்,
தோல் ஷாப்பில் டிரம் உருளும் இரைச்சலில்
வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில்.
மெதுவாகச் சொன்னால் மட்டும் நிற்கக்கூடியது.
விசில் ஊதிவிட்டார்கள்.

வரிசையில் போனவள் திரும்பினாள்.
'தாவணி' என்றது கேட்டது.
அடுத்த சொல் கேட்கவில்லை.
உதடு ரெண்டும் ஒட்டிப் பிரிந்தது மட்டும் தெரிந்தது.

லாங் பஜார் கடையில்
மணிக்கட்டு முத்திரை வியர்வையில் ஊதாவாய்க் கசிய
துணியில் படாமல் கையைப் பின்னால் கட்டி நிற்கிறேன்.
மாம்பழக் கலரா, மயில்கழுத்தா?
அப்படி உதடு ஒட்டுகிற சொற்கள்
இன்னும் இருக்கின்றன.
கடைப்பையன் இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டு
எதுக்குண்ணே பில்லு என்கிறான்.